அம்மாவின் ஒரு வரி ஒப்பந்தம்

அந்த டாக்சியை மறந்துவிட்டோம் என்று உங்களில் யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். ஸ்காபரோவில், எங்கள் கட்டடத்தின் பின்பக்கத்துப் புல்வெளியை ஒட்டி, ஞாயிறு மத்தியானங்களில் நாலு கதவையும் விரித்துக்கொண்டு நின்ற டாக்சி. உள்ளே றேடியோ அலறும். வெளியே எங்கள் அப்பாமார் சாரமும் பனியனுமாக நின்று, எங்கள் நகரத்து பேஸ்போல் அணியை எப்படி நடத்தவேண்டும் என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அணியின் முதலாளிக்கு இவர்கள் இருப்பதே தெரியாது. அதற்காக ஒருவராவது குரலைக் குறைத்ததை நான் கண்டதில்லை.

நாங்கள் இப்போது ஐம்பதைத் தொட்டுவிட்டோம். முழங்கால் வலியையும் பிள்ளைகளின் பல்கலைக்கழகத்தையும் பற்றிப் பேசிப் பேசி அலுத்துப்போனது. ஒரு கோடைகாலத்தைப் பற்றிப் பேசுவோம். எனக்குப் பதினொரு வயதான கோடை. என்னை மொன்றியலுக்கு அனுப்ப இருந்த கோடை.

அதற்கு முதல் அந்த டாக்சிக் கூட்டத்தைச் சொல்லவேண்டும். டாக்சி அங்கிள்தான் தலைவர். வண்டி அவருடையது, றேடியோ அவருடையது, பயணிகள் விட்டுப்போகும் பத்திரிகைகளும் அவருடையவை. விளையாட்டுப் பக்கத்தை விரித்து என் கையில் தருவார். நான் காரின் முன்மூடியில் ஏறி இருந்து உரத்து வாசிக்கவேண்டும். யாருக்கு எத்தனை வருட ஒப்பந்தம், யாரை எங்கே ட்ரேட் பண்ணப்போகிறார்கள் என்று நான் வாசிக்க வாசிக்க, கீழே வாய்ச்சண்டை மூளும். சூடேறிய தகரம் காலைச் சுடும். இறங்கமாட்டேன், அந்தப் பெருமையை விட எனக்கு மனம் வராது.

இரண்டாவது ஆள் வாத்தியார் அங்கிள். ஊரில் கணக்குப் படிப்பித்தவர், இங்கே உணவகத்தில் கோப்பை கழுவினார். கிரிக்கெட் மூளையை இறக்கி வைக்க அவரால் கடைசிவரை முடியவில்லை. ஆறு பந்து முடிந்ததும் பந்து வீசுபவனை மாற்றவேண்டும் என்பது அவருடைய வேதம்.

"உவங்களுக்கு நிர்வாகமே தெரியேல்லை, ஐசே! ஒரே ஆளை இவ்வளவு நேரம் எறிய விட்டால் அவன்ர கை என்னத்துக்கு ஆகும்?" என்று தலையில் அடித்துக்கொள்வார்.

"நீர் சும்மா இரும், மாஸ்டர். இது உங்கட ஊர்ப் பள்ளிக்கூட மச் இல்லை," என்பார் டாக்சி அங்கிள்.

இன்னொரு பிழை எல்லோருக்கும் பொது. பந்து வீசுபவன் நாலு பந்தைப் பிழையாக எறிந்தால், அடிப்பவன் அடிக்காமலே முதல் தளத்துக்கு நடந்துபோகலாம் அல்லவா? அதை எங்கள் ஆட்கள் ஒரு வேலையாகவே எண்ணவில்லை. "நடந்து போறவனுக்கு என்னத்துக்கு இவ்வளவு சம்பளம்? நானும் நடப்பன்!" என்பார் அப்பா. எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஓங்கி அடித்து வெளியே அனுப்புபவன் மட்டும்தான் ஆண்பிள்ளை.

இந்தக் கூட்டத்துக்குப் பெண்கள் வருவதில்லை. யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை, யாரும் வாருங்கள் என்றும் சொல்லவில்லை. அம்மா இரண்டாம் மாடி பல்கனியில் நின்று உடுப்புக் காயப்போடுவார். பல்கனியில் கொடி கட்டக்கூடாது என்று கட்டடத்துச் சட்டம். அம்மா கதிரை முதுகுகளில் விரித்து அந்தச் சட்டத்தை வென்றிருந்தார்.

அம்மா வேலை செய்தது காருக்குச் சீற் உறை தைக்கும் ஒரு சின்னத் தொழிற்சாலையில். மாலையில் வீட்டுக்கு வந்ததும் அவருடைய உடுப்பில் ஒட்டியிருக்கும் நூல் துண்டுகளைப் பொறுக்குவது என் வேலை. சாம்பல் நூலா, கபில நூலா என்று பார்த்து, அன்றைக்கு என்ன நிறக் கார் என்று நான் சொல்வேன். பஞ்சு மணமும் மெசின் எண்ணெய் மணமும் கலந்த அந்த அம்மா வாசம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. எத்தனையோ வாசனைத் திரவியம் வாங்கிப் பூசிவிட்டேன், ஒன்றும் அதற்குக் கிட்ட வரவில்லை.

அந்த வேலைத்தளத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு காதில் மட்டும் றேடியோ கேட்கலாம், மற்றக் காது மெசினுக்கு. அம்மாவிடம் தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய கறுப்பு றேடியோ இருந்தது. பின்மூடி தொலைந்து, பற்றரியை றப்பர் பாண்ட் போட்டுக் கட்டியிருந்தார். பகலில் ஆட்டம் இருந்தால் ஆட்டம். இல்லாவிட்டால், ரசிகர்கள் தொலைபேசி எடுத்து அணி நிர்வாகத்தைத் திட்டும் நிகழ்ச்சி. என் அம்மா ஆங்கிலம் படித்தது அந்தக் கோபக்காரர்களிடம்தான். கடையில் பாலின் விலை கேட்கத் தயங்குவார். ஆனால் ஒரு வீரனுக்கு நீண்ட ஒப்பந்தம் கொடுத்தது ஏன் முட்டாள்தனம் என்று மூச்சுவிடாமல் ஆங்கிலத்தில் சொல்வார். இது எங்கள் வீட்டுக்கு வெளியே ஒருவருக்கும் தெரியாது. வீட்டுக்குள்ளேயும் எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஜூலை மாதத்து ஞாயிறு ஒன்றில்தான் அது வெளியே வந்தது. எங்கள் அணியில் ஓர் இடக்கைப் பந்துவீச்சாளன் இருந்தான். எல்லோருக்கும் செல்லம். அந்த வருடத்தோடு அவனுடைய ஒப்பந்தம் முடிகிறது. ஜூலைக்குள் வேறு அணிக்குக் கொடுத்தால் பதிலுக்கு இரண்டு இளம் வீரரை வாங்கலாம், விட்டால் வருட முடிவில் அவன் தன்பாட்டில் போய்விடுவான், அணிக்கு ஒன்றும் மிஞ்சாது.

"இப்பவே குடுக்க வேணும்," என்றார் அப்பா. "அணிதான் பெரிசு. ஒருத்தனை விட்டு ரெண்டு பேர் வந்தால் லாபந்தானே?"

"பிள்ளை மாதிரி வளத்தவனைக் குடுக்கிறதோ? உமக்கு நெஞ்சிருக்கே?" என்று டாக்சி அங்கிள் பாய்ந்தார்.

அப்போது மேலேயிருந்து ஒரு குரல் வந்தது. "குடுக்க ஏலாது, அண்ணை."

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். அம்மா அப்பாவின் காற்சட்டை ஒன்றை உதறிக்கொண்டு நின்றார்.

"அவனைக் கேக்காமல் அவனை அனுப்ப ஏலாது. அவன்ர கொன்ராக்ட்டில அப்பிடி ஒரு வரி இருக்கு. நோ-ட்ரேட் எண்டு சொல்லுவினம். அவன் ஓம் எண்டால்தான் போகலாம்."

அப்பா சிரித்தார். "இஞ்சரும், அடுப்பில என்னவோ கருகிற மணம் வருது."

வாத்தியார் அங்கிளும் சிரித்தார். டாக்சி அங்கிள் மட்டும் பத்திரிகையை என்னிடம் நீட்டி, "தேடிப் பார், பிள்ளை," என்றார். தேடினேன். மூன்றாவது பந்தியில் இருந்தது. அணி அவனிடம் சம்மதம் கேட்டதாம், அவன் மாட்டேன் என்றானாம். நான் வாசித்து முடித்ததும் டாக்சி அங்கிள் மேலே பார்த்துக் கும்பிட்டார். "தாயே, இவ்வளவு நாளும் எங்களை விசர்க்கதை கதைக்க விட்டிட்டு நிண்டிருக்கிறியள்!"

அன்றிலிருந்து சண்டை முற்றினால் எல்லாத் தலையும் பல்கனியைப் பார்க்கும். அம்மாதான் மூன்றாவது நடுவர். நடந்து போகிறவனுக்கு ஏன் சம்பளம் என்றும் அவரே சொன்னார்.

"அவன் சும்மா நடக்கேல்லை, அண்ணை. ஆசை காட்டி எறிஞ்ச நாலு பந்தைத் தொடாமல் நிண்டவன். நிண்டு பாருங்கோ, எவ்வளவு கஷ்டமெண்டு தெரியும்."

வாத்தியார் அங்கிள் கையிலிருந்த கடலைக் கோதை ஊதினார். எனக்கு நெஞ்செல்லாம் பெருமைப் புளுகம். முன்மூடியில் இன்னும் நிமிர்ந்து இருந்தேன்.

அம்மா முதல்முதல் வாய் திறந்த அதே கிழமைதான் எங்கள் வீட்டில் இடி விழுந்தது. தொழிற்சாலை வடக்கே, ஸ்ரௌவ்வில் பக்கத்தில், இன்னொரு கட்டடமும் எடுத்திருந்தது. இப்போது நீங்கள் மூன்று கார் நிறுத்தும் வீடு வாங்கியிருக்கிறீர்களே, அந்தப் பக்கம்தான். அன்றைக்கு அங்கே சோளக்காடும் வானமும் மட்டும்தான். அம்மாவை அங்கே சுப்பவைசராகப் போகச் சொன்னார்கள். சம்பளம் நன்றாகக் கூடும். ஆனால் வேலை பின்னேரம் தொடங்கி நடுச்சாமம் வரை. அப்பாவும் பின்னேரம் உணவகச் சமையலறைக்குப் போய்விடுவார். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் என்னைப் பார்க்க ஆளில்லை.

அப்பா ஒரு இரவுக்குள் முடிவு எடுத்துவிட்டார். மொன்றியலில் அவருடைய தங்கை, எங்கள் மாமி, இருந்தார். மாமிக்கு ஒரு அறை சும்மா கிடந்தது.

"ஒரு வருசம், கூடினால் ரெண்டு வருசம். அந்தச் சம்பளத்தோட வீட்டுக்கு முற்பணம் சேந்திடும். பிள்ளை பிரெஞ்சும் படிச்சிடும்," என்றார். அவர் கொடுமைக்காரர் இல்லை. அவருக்கு ஒரு வீடு வேண்டும், வாசலில் தன் பெயரில் ஒரு கடிதப்பெட்டி வேண்டும். அதற்காக நாளுக்கு நூறு வெங்காயம் அரிந்துகொண்டிருந்த மனிதர்.

மாமி தொலைபேசியில், "கட்டிலுக்குப் புது மெத்தை போட்டிட்டன்," என்றார். மலிவுக்கடையில் எனக்கொரு சிவப்புப் பெட்டி வாங்கினார்கள். அதன் ஒரு சில்லு முதல் நாளே கழன்றது. அந்தப் பெட்டியைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு, அதற்குமேல் படுத்துக்கொண்டு நான் அழுதேன். ஒருத்தியை விட்டு ஒரு வீடு வருகிறது, லாபந்தானே? அப்பா டாக்சிக்குப் பக்கத்தில் நின்று சொன்ன கணக்கு அப்படியே என்மேல் பொருந்தியது. என்னை யாரும் கேட்கவில்லை.

நாலு நாள் அம்மா வழமைபோல வேலைக்குப் போய்வந்தார். ஐந்தாம் நாள் காலையில், அப்பா நித்திரையாக இருக்கும்போது, குசினி மேசையில் ஒரு வெள்ளைத்தாளை வைத்து, "உன்ர வடிவான எழுத்தில எழுது," என்றார். அவர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல எழுதினேன். தொழிற்சாலைக்குக் கொடுக்க ஒரே வரி. என் சம்மதம் இல்லாமல் என்னை இந்த இடத்திலிருந்தோ பகல் வேலையிலிருந்தோ மாற்றக்கூடாது. எழுதும்போதே எனக்குத் தெரியும், அது என்னைப் பற்றிய வரி. ஒரு சொல் கோணியது. வேறு தாள் எடுக்கப் போனேன். "காணும், அது கிடக்கட்டும்," என்றார் அம்மா.

பள்ளி விடுமுறை என்பதால் என்னையும் வேலைத்தளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். மனேஜரின் அறை கண்ணாடி அடைத்த ஒரு மூலை. சுவரில் எங்கள் அணியின் கொடி தொங்கியது. பெரிய உடம்பும் சிவந்த முகமுமாக இருந்த அந்த மனிதர் தாளை வாசித்தார். திரும்பவும் வாசித்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

"இது நோ-ட்ரேட் அல்லவா?" என்றார் ஆங்கிலத்தில்.

"ஓம்," என்றார் அம்மா, தமிழில்.

"அதை நட்சத்திர வீரர்களுக்குத்தானே கொடுப்பார்கள்!"

அம்மா சிரிக்கவில்லை. பையைத் திறந்து, தான் தைத்த ஒரு தலையணை உறையை எடுத்து மேசையில் வைத்தார். சீற்றின் உச்சியில் தலை சாய்கிற இடத்துக்குப் போடுவது. அதன் வளைவில் தையல் சுருங்காமல் போடுவதற்கு அந்தத் தளத்தில் வேறு ஆளில்லை. அதை நான் சொல்லவில்லை, பக்கத்து மெசினில் இருந்த போர்த்துக்கீசப் பெண்மணி என்னிடம் சொன்னது. மனேஜர் அந்த வளைவில் விரலை ஓடவிட்டார். சிரிப்பு மெல்ல மெல்ல அடங்கியது.

"இடக்கைக்காரன் அடுத்த வருடம் இருப்பானா, சொல்லுங்கள்," என்றார், பேச்சை மாற்றுகிறவர்போல.

அம்மா அந்தத் தொலைபேசிக் கோபக்காரர்களின் ஆங்கிலத்தில் சொன்னார். "போவான். அவனுக்குப் போகவேண்டும். எனக்கு இருக்கவேண்டும். இரண்டு பேரையும் கேட்டுத்தான் செய்யவேண்டும்."

பிறகு என் பக்கம் திரும்பி, "நீ வெளியில போய் இரு," என்றார். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். மனேஜர் என்னவோ சொல்லிக் கையை விரித்தார். அம்மா கொஞ்ச நேரம் நிலத்தைப் பார்த்தார். பிறகு தலையாட்டினார். மனேஜர் கையெழுத்துப் போட்டார்.

பேருந்தில் அம்மா றேடியோவின் காதுக்குமிழை என் காதில் செருகிவிட்டார். ஆட்டம் போய்க்கொண்டிருந்தது. யார் அடித்தார்கள், யார் வென்றார்கள், ஒன்றும் நினைவில்லை. "நான் போகத் தேவையில்லையோ?" என்று கேட்டேன்.

"உன்னை ஆர் கேட்டது போகச் சொல்லி?" என்றார். என் கன்னத்தில் ஒட்டியிருந்த ஒரு நூலைத் தட்டிவிட்டார். ஐயோ, எனக்கு வந்த சந்தோசம்! அந்தப் பேருந்து முழுவதும் கேட்கக் கத்தியிருப்பேன்.

அப்பாவுக்குக் கோபம். ஒரு கிழமை அம்மாவோடு பேசவில்லை. "வீட்டுக்கு வந்த லட்சுமியை வாசலில வைச்சுத் துரத்திப்போட்டாள்," என்று டாக்சிக்குப் பக்கத்தில் நின்று சொன்னார். அன்றைக்கு பல்கனியில் அம்மா இல்லை.

"தங்கச்சிக்கு என்ன, விசரே? சுப்பவைசர் வேலையை ஆரும் வேண்டாமெண்டுவினமே?" என்றார் டாக்சி அங்கிள். 'தாயே' என்ற அதே வாய்.

இலையுதிர்காலத்தில் இடக்கைக்காரன் கூடின சம்பளத்துக்கு வேறு நகரம் போனான். அவ்வளவுதான், கூட்டம் கொதித்தது. "காசைக் கண்டவுடன ஓடிப்போட்டான், நன்றி கெட்டவன்!" அவனைப் பார்த்து இப்படி. காசை விட்டவளைப் பார்த்து விசரி. இதைச் சொல்லும்போது எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. அம்மா மேலேயிருந்து, "அவன்ர தோள். அதுக்கு விலை அவன்தான் சொல்ல வேணும்," என்று மட்டும் சொல்லிவிட்டு உடுப்பை அள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

மற்றவர்களைச் சொல்லி என்ன? நானும் யோக்கியமில்லை. எங்களுக்குப் பிறகு வந்தவர்களெல்லாம் ஒவ்வொருவராக வீடு வாங்கிப் போனார்கள். நீங்களும் போனீர்கள். உங்கள் வீடுகளில் படிக்கட்டு இருந்தது, எனக்கு லிப்ட்தான் இருந்தது. பதினாறு வயதில் ஒருநாள் அம்மாவிடம் கத்தினேன். "நீங்கள் அண்டைக்கு அந்த வேலைக்குப் போயிருந்தால் எங்களிட்டையும் வீடு இருந்திருக்கும்!" யாருக்காகப் போகவில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் கத்தினேன். அம்மா றேடியோவின் சத்தத்தைக் கூட்டினார், அவ்வளவுதான்.

கண்ணாடிக்குப் பின்னால் நடந்ததை அப்பாதான் பல வருடங்களுக்குப் பிறகு சொன்னார். என் கலியாணத்துக்கு முதல் கிழமை, உடுப்புத் தைக்கக் கொடுத்துவிட்டுக் காரில் வரும்போது. சிவப்பு விளக்கில் நின்றபோது முன்னுக்குப் பார்த்துக்கொண்டே சொன்னார். அந்த ஒரு வரிக்கு விலையாக, அம்மாவுக்கு மூன்று வருடம் சம்பளம் கூட்டமாட்டோம் என்று மனேஜர் சொன்னாராம். அம்மா அதற்குத்தான் தலையாட்டினாராம்.

"எனக்கு அப்ப விளங்கேல்லை, பிள்ளை," என்றார். விளக்குப் பச்சையாகி, பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான்.

அந்தக் கறுப்பு றேடியோ இப்போது இல்லை. வீடு மாறும்போது எந்தப் பெட்டியில் போனதோ தெரியாது. ஓம், கடைசியில் வீடு வாங்கினோம். பிந்தித்தான் வாங்கினோம். சிவப்புப் பெட்டி ஒரு நாளும் ரயில் ஏறவில்லை. பழைய கம்பளிச் சட்டைகளை வைத்து வைத்து, அது அலுமாரிக்கு மேலேயே உக்கிப்போனது.

போன மாதம் யூனியன்வில்லில் என் வீட்டுக்கு டாக்சிக் கூட்டத்தார் எல்லோரும் வந்திருந்தார்கள். டாக்சி அங்கிள் இப்போது நாலுகால் ஊன்றுகோல் பிடித்து நடக்கிறார். வாத்தியார் அங்கிளுக்குக் காது கேட்பதில்லை, கருத்து மட்டும் குறையவில்லை. அப்பா கடலையை உடைத்து உடைத்து அம்மாவின் உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தார். தொலைக்காட்சியில் ஆட்டம். எங்கள் அணியின் ஒரு வீரன், வேறு இடத்தில் கூடுதலாகத் தருகிறோம் என்று சொல்லியும் போகாமல், குறைந்த சம்பளத்துக்கு இங்கேயே இருக்கக் கையெழுத்துப் போட்டானாம். தன் பிள்ளைகள் இங்கே பள்ளிக்கூடம் போகிறார்களாம்.

டாக்சி அங்கிளுக்குக் கண் கலங்கிவிட்டது. "இவனல்லோ மனுசன்! பிள்ளையளுக்காகக் காசை விட்டிட்டு நிண்டிருக்கிறான், பாருங்கோ!"

எனக்குப் பொறுக்கவில்லை. நாற்பது வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது காணும். "அங்கிள், அம்மாவும் அதைத்தான் செய்தவா. நீங்கள் அண்டைக்கு விசரி எண்டனீங்கள். அம்மா எனக்காகக் குறைச்சு வாங்கினவா!"

டாக்சி அங்கிள் தன் நாலுகாலைப் பார்த்தார். அப்பாவின் கையில் கடலை அப்படியே நின்றது.

அம்மா தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஆர் குறைச்சு வாங்கினது?" என்றார். "நான் கேட்டதை முழுசா வாங்கினனான். இந்தா, இருக்குது."

நாடியால் என்னைக் காட்டினார். பிறகு, ஆட்டத்தை மறைக்காமல் தள்ளி இருக்கச் சொன்னார்.